தமிழை ஏற்றாமல் புறப்படும் பெட்டிகள்: கொள்கலனின் வரலாறும் நம் பள்ளி ஏடுகளும்



சிலிம் ரிவர் வரலாறு என்றதும் பலருக்கும் 1942ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள்தான் நினைவுக்கு வரும். சப்பானியரின் கவச வண்டிகள் நம் ஊர்ச் சாலையில் விடியுமுன் புகுந்து, பிரித்தானிய இந்தியப் படையணிகளைச் சிதறடித்த நாள் அது. இன்று நான் எழுத வந்திருப்பது போரின் வரலாறு அன்று. ஒரு பெட்டியின் வரலாறு. துறைமுகத்தில் தொடங்கிய அந்தப் பெட்டி கணினிக்குள் புகுந்து, இப்பொழுது நம் பள்ளி ஏடுகளின் வாசலில் வந்து நிற்கிறது. அதை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கட்டங்களாக வந்த தமிழ்

தோட்டப்புறப் பள்ளி ஒன்றின் பழைய ஆண்டு மலர்களையும் மாணவர் பதிவேட்டுப் பெயர்களையும் மின்னேடாக்கும் பணியில் நண்பர்கள் சிலரோடு ஈடுபட்டிருந்தேன். பக்கங்களை வருடியெடுத்து, எழுத்துணரி மென்பொருளால் தட்டச்சு வடிவாக்கி, பி.டி.எஃப் கோப்புகளாகத் தொகுத்தோம். என் மடிக்கணினியில் எல்லாம் செவ்வனே நடந்தது. அதே செயலியை வாடகைக்கு எடுத்த வழங்கி ஒன்றில் ஏற்றினோம். மறுநாள் ஒரு பெற்றோர் தொலைபேசியில் அழைத்து, "ஐயா, அட்டை அழகாக இருக்கிறது, உள்ளே வெறும் கட்டம் கட்டமாக இருக்கிறதே!" என்றார்.

திறந்து பார்த்தேன். தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை; வரிசை வரிசையாகச் சிறு கட்டங்கள். பெயர்ப் பட்டியலும் தடம் மாறியிருந்தது. மலர்விழிக்கு முன்னால் மறைமலை நின்றார். வள்ளிக்கு முன்னால் வனிதா நின்றார். நம் நெடுங்கணக்கில் லகரத்துக்குப் பின்னரே றகரம். ளகரத்துக்குப் பின்னரே னகரம். நான்காம் ஆண்டு மாணவரும் இந்தப் பிழையைச் சுட்டிக்காட்டுவார்.

செயலி ஒன்றே, கணினிதான் மாறியது. தமிழ் எங்கே நழுவியது? விடை தேடியபோது, இது நமக்குப் பழகிய ஒரு பழைய சிக்கலின் புதுவடிவம் என்று புரிந்தது.

ரப்பர்க் கட்டியும் இரும்புப் பெட்டியும்

நம் முன்னோர் வெட்டிய பால், மங்கிலிருந்து வாளிக்கும், வாளியிலிருந்து கொட்டகைக்கும் சென்று, காடி கலந்து உறைந்து, உருளையில் அழுந்தி, புகைக்கூண்டில் காய்ந்து தகடாயிற்று. அத்தகட்டின் தரத்தைக் கண்ணால் பார்த்துத்தான் மதிப்பிட்டனர். ஒருவர் கண்ணுக்கு முதல் தரமாகப் பட்டது மற்றொருவர் கண்ணுக்கு மூன்றாம் தரமாகப் படலாம். 1965இல் மலேசியா தனது தரப்படுத்தப்பட்ட ரப்பர்த் திட்டத்தை அறிமுகப்படுத்தியது. அதன்பின் ரப்பர் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டு, ஒரே எடையுள்ள கட்டிகளாக அழுத்தப்பட்டு, தரக்குறியீட்டுடன் புறப்பட்டது. வாங்குபவர் கட்டியைப் பிளந்து பார்க்க வேண்டியதில்லை. குறியீட்டைப் படித்தால் போதும்.

அக்காலத்திலேயே கடலிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. அதுவரை மூட்டை, பீப்பாய், பேழை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தோளில் சுமந்து கப்பலில் அடுக்கினர். அமெரிக்காவில் சரக்குந்து நிறுவனம் நடத்திய மால்கம் மெக்லீன் என்பவர், சரக்கைப் பெட்டியோடு தூக்கிக் கப்பலில் வைத்தால் என்ன என்று எண்ணினார். 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 பெட்டிகளுடன் நியூவார்க்கிலிருந்து ஹியூஸ்டனுக்குப் புறப்பட்டது. உதிரிச் சரக்கை ஏற்ற ஒரு டன்னுக்கு 5 டாலர் 83 காசு ஆன அந்நாளில், பெட்டியில் ஏற்றியதற்கு 16 காசுகூட ஆகவில்லை.

மெக்லீனின் பெட்டி மட்டும் உலகை மாற்றிவிடவில்லை. ஆளுக்கோர் அளவில் பெட்டி செய்தால் ஒருவர் பெட்டி மற்றவர் பாரந்தூக்கியில் பொருந்தாது. 1968இல் அனைத்துலகத் தர அமைப்பு பெட்டியின் நீள அகலங்களை வரையறுத்த பின்னரே கப்பலும் தொடர்வண்டியும் சரக்குந்தும் ஒரே பெட்டியைக் கைமாற்றிக்கொள்ள முடிந்தது. சிங்கப்பூரின் தஞ்சோங் பாகாரில் 1972இலும், நம் கிள்ளான் துறைமுகத்தில் 1973இலும் கொள்கலன் பணி தொடங்கியது. பெட்டியின் வெளிப்புறம் எல்லாருக்கும் பொது. உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பது அனுப்புபவர் பொறுப்பு. இந்தப் பொறுப்பை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

எழுத்துருவைச் சுமந்த காலம்

கணினித் தமிழின் தொடக்கக் காலமும் உதிரி மூட்டைக் காலமே. நம் நாட்டில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் உட்படப் பல தமிழ் மென்பொருள்கள் 1980களிலும் 1990களிலும் எழுந்தன. எந்த எழுத்தை எந்த எண்ணில் வைப்பது என்பதற்குப் பொது ஒழுங்கு இல்லாமையால், ஒருவர் தட்டச்சிட்ட மடல் மற்றொருவர் திரையில் கிறுக்கலாக விழுந்தது. பக்கத்தின் தலைமாட்டிலேயே, "இதனைப் படிக்க இன்ன எழுத்துருவைத் தரவிறக்கிக்கொள்க" என்று அறிவிப்பு வைத்த நாள்களை மூத்த ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1990களின் இறுதியில், பக்கத்தோடு எழுத்துருவையும் சேர்த்தனுப்பும் இயங்கு எழுத்துரு முறையும் வந்தது.

1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு பொதுக் குறியீட்டையும் விசைப்பலகையையும் பரிந்துரைத்தது. 2000இல் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. 2001இல் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூரிலேயே கூடியது. நாளடைவில், 1991 முதலே தமிழுக்கு இடம் தந்திருந்த யூனிக்கோடு வென்றது.

குறியீட்டுச் சிக்கல் தீர்ந்தது. எனினும், எழுத்தின் எண் தெரிந்தால் மட்டும் எழுத்து தோன்றிவிடாது. அதன் வடிவத்தைக் காட்டும் எழுத்துரு அந்தக் கணினியில் இருந்தாக வேண்டும். நம் மேசைக் கணினிகளிலும் கைப்பேசிகளிலும் அது உடன்வருவதால் அதனை மறந்தே போனோம். வழங்கியில் அது தானாக வருவதில்லை.

கணினிக்குள் வந்த கொள்கலன்

"என் கணினியில் வேலை செய்கிறதே!" என்பது மென்பொருள் எழுதுவோரின் பழைய புலம்பல். ஒரு செயலி தனித்து இயங்குவதில்லை. துணை நூலகங்கள், எழுத்துருக்கள், மொழித் தரவுகள், அமைப்புக் கோப்புகள் எனப் பலவற்றைச் சார்ந்து நிற்கிறது. அவற்றுள் ஒன்று குறைந்தாலும் இடம் மாறியதும் தடுமாறும்.

செயலியை அதன் சுற்றத்தோடு ஒரு வேலிக்குள் வைக்கும் எண்ணம் பழையது. 1979இல் யூனிக்ஸ் இயங்குதளத்தில் வந்த சிரூட் என்ற வசதி, செயலி காணக்கூடிய கோப்புகளை ஓர் எல்லைக்குள் அடக்கியது. 2000இல் ஃபிரீபிஎஸ்டி இயங்குதளம் 'சிறை' என்ற பெயரில் அதனை மேலும் இறுக்கியது. செயலிகளின் நினைவகப் பயன்பாட்டையும் செயலாக்க நேரத்தையும் அளந்து கொடுக்கும் சிகுரூப் என்ற வசதி, கூகுள் பொறியாளர்கள் 2006இல் தொடங்கிய பணியின் பயனாக, 2008இல் லினக்சுக்குள் வந்தது. அவ்வாண்டே எல்எக்ஸ்சி என்ற லினக்சுக் கொள்கலனும் உருவாயிற்று.

வேலிகள் இருந்தன, எல்லாரும் கையாளத்தக்க பெட்டி இல்லை. 2013 மார்ச்சில் அமெரிக்காவில் பைத்தான் நிரலர் மாநாட்டில், சாலமன் ஐக்ஸ் என்பவர் சில நிமிட உரையில் டாக்கர் என்ற கருவியைக் காட்டினார். அதன் சின்னமே பெட்டிகளைச் சுமக்கும் திமிங்கிலம். துறைமுகம் கற்ற பாடத்தைக் கணினித் துறையும் விரைவில் கற்றது: 2015இல் திறந்த கொள்கலன் முன்னெடுப்பு என்ற பொது அமைப்பு தோன்றி, 2017இல் பெட்டியின் தர வரையறையை வெளியிட்டது. ஆகவே இன்று டாக்கரில் கட்டிய பெட்டியைப் பாட்மன் போன்ற பிற கருவிகளிலும் இயக்கலாம்.

படிமமும் செய்முறை ஏடும்

இங்கே இரு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். 'படிமம்' என்பது கட்டி முடித்து முத்திரையிட்ட பெட்டி. 'கொள்கலன்' என்பது அப்படிமம் ஓடத் தொடங்கிய நிலை. ஒரே படிமத்திலிருந்து பத்துக் கொள்கலன்களை இயக்கலாம். பணியாரச் சட்டியையும் பணியாரத்தையும் போலக் கொள்ளுங்கள்.

படிமத்தைக் கட்ட டாக்கர்ஃபைல் என்ற சிறு கோப்பு வேண்டும். நான் அதைச் செய்முறை ஏடு என்பேன். எந்த அடிப்படைப் படிமத்திலிருந்து தொடங்குவது, எவற்றை நிறுவுவது, எக்கோப்புகளை உள்ளே வைப்பது, இறுதியில் எதை இயக்குவது என்று வரிவரியாக அதில் எழுதுகிறோம். கோப்புகளை மாற்றும் ஒவ்வொரு வரியும் ஓர் அடுக்காகப் படிகிறது. ஒரு வரி மாறினால் அதன் அடுக்கும் அதற்கு மேலுள்ள அடுக்குகளும் மட்டும் மீண்டும் கட்டப்படும். கீழுள்ளவை அப்படியே பயன்படும். ஒவ்வோர் அடுக்குக்கும் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்ட முத்திரை எண் உண்டு. ரப்பர்க் கட்டியின் தரக்குறியீட்டை ஒத்தது அது.

இப்பொழுது எங்கள் கட்டங்களுக்கு வருவோம். நண்பர் எடுத்த அடிப்படைப் படிமம் பைத்தானின் 'சிலிம்' வகை. நம் ஊர்ப் பெயர்தானே என்று மகிழ்ந்துவிட்டேன்! ஆங்கிலத்தில் மெலிந்தது என்னும் பொருளில் இட்ட பெயராம். அளவைக் குறைக்க வேண்டும் என்று, இன்றியமையாதவை தவிர அனைத்தையும் நீக்கிவிட்டார்கள். எழுத்துருக்கள் அதில் இல்லை. உலகின் மிகுதியான செயலிகளுக்கு அவை தேவையில்லை, நமக்குத் தேவை. எழுத்துருவில் வடிவம் இல்லாதபோது தோன்றும் வெற்றுக் கட்டங்களைக் கணினித் துறையினர் டோஃபு என்பார்கள். நாம் சந்தையில் வாங்கும் சோயாக்கட்டிதான். அந்த டோஃபு இனி வேண்டாம் என்ற எண்ணத்தில்தான் கூகுள் தன் எழுத்துருக் குடும்பத்துக்கு நோட்டோ என்று பெயரிட்டது.

எழுத்துணரியும் அப்படியே. டெசராக்ட் என்ற கட்டற்ற எழுத்துணரி எச்பி நிறுவனத்தில் 1980களில் உருவாகி, 2005இல் பொதுவில் வைக்கப்பட்டது. தமிழையும் அது படிக்கும். ஆயினும் டெபியன் இயங்குதளத்தில் அதை நிறுவினால் ஆங்கிலத் தரவுதான் உடன்வரும். தமிழ்த் தரவைத் தனிப்பொதியாகக் கேட்டு வாங்க வேண்டும். என் மடிக்கணினியில் இவற்றையெல்லாம் எப்பொழுதோ நிறுவியிருந்தேன். எப்பொழுது, எவற்றை என்பதை நானே மறந்திருந்தேன். தமிழ் நழுவிய இடம் அதுதான்.

தீர்வு எளிது. பொதுப் படிமத்தை அடித்தளமாக வைத்து, செய்முறை ஏட்டில் சில வரிகள் சேர்த்தோம்: நோட்டோவோ லோகித்தோ ஏதேனும் ஒரு தமிழ் எழுத்துரு, டெசராக்டின் தமிழ்த் தரவு, 'கொ', 'கை' போன்றவற்றில் கொம்பை மெய்யின் முன்னே இட்டு வடிவமைக்கும் ஆர்ஃப்பஸ் நூலகம். இவ்வாறு நமக்கென்று கட்டிக்கொள்வதே தனிப்பயன் படிமம். கட்டங்கள் மறைந்தன, தமிழ் வந்தது.

மூன்று பெட்டிகள், ஒரு குடும்பம்

எங்கள் ஏடகத்துக்கு ஒரு பெட்டி போதவில்லை. வருவோரை வரவேற்கும் வலை முகப்பு, ஏடுகளை உருவாக்கும் செயலி, பெயர்களைக் காக்கும் தரவுத்தளம் என மூன்று பெட்டிகள் வேண்டியிருந்தன. ஒவ்வொன்றையும் தனித்தனியே பழுது பார்க்கலாம், புதுப்பிக்கலாம் என்பதே பிரிப்பதன் பயன்.

பல பெட்டிகளை ஒருங்கே இயக்க 2014 தொடக்கத்தில் ஃபிக் என்றொரு கருவி இருந்தது. அதை உருவாக்கிய நிறுவனத்தை டாக்கர் அவ்வாண்டே வாங்கியது. ஃபிக் பின்னர் டாக்கர் கம்போஸ் ஆயிற்று. பெருந்திரளான கணினிகளில் பெட்டிகளை நடத்த, 2014இல் கூகுள் வெளியிட்ட குபர்னெட்டீசு உண்டு; கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். பள்ளி அளவுக்குக் கம்போஸ் போதும்.

கம்போஸ் கோப்பில் மூன்று பெட்டிகளையும் பெயரிட்டு எழுதுகிறோம். வலை முகப்புக்கு ஆயத்தப் படிமமே போதும். அங்கே 'இந்தப் படிமத்தை எடு' என்கிறோம். செயலிக்கு நம் செய்முறை ஏட்டைக் காட்டி 'இதைக் கட்டு' என்கிறோம். தேவையுள்ள இடத்தில் மட்டும் தனிப்பயன் படிமம் கட்டுவதே சிக்கனம். பெட்டிகள் ஒன்றையொன்று கோப்பில் இட்ட பெயராலேயே அழைக்கும். தொடக்கநிலையில் பலர் இடறும் இடம் இது: பெட்டிக்குள் நின்று 'இக்கணினி' என்றால் அது அந்தப் பெட்டியையே குறிக்கும், அண்டைப் பெட்டியை அன்று.

பெயர் வரிசைக் குழப்பம் மூன்றாம் பெட்டியில் இருந்தது. நண்பர் எடுத்த போஸ்ட்கிரெஸ் தரவுத்தளப் படிமம், ஆல்பைன் என்ற மிகச் சிறிய லினக்சின்மேல் கட்டியது. அதன் அடிப்படை நூலகத்துக்கு மொழிவாரி அகரவரிசை தெரியாது. யூனிக்கோடு எண் வரிசையில்தான் அடுக்கும். அவ்வெண் வரிசையில் றகரம் லகரத்துக்கு முன்னும், னகரம் பகரத்துக்கே முன்னும் நிற்கின்றன. ஐசியூ என்ற நூலகம் மொழிகளின் அகரவரிசை அறிந்தது. போஸ்ட்கிரெஸின் 15ஆம் பதிப்பு முதல் ஆல்பைன் படிமத்திலும் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் தமிழ் வரிசை வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

தரவுத்தளம் தன் இயல்பு வரிசையை முதன்முறை எழும்போதே நிலைநிறுத்திக்கொள்கிறது. பின்னர் படிமத்தை மாற்றினாலும் பழைய தரவு பழைய வரிசையிலேயே இருக்கும். நாங்கள் தரவைப் படியெடுத்து, புதுத் தரவுத்தளம் நிறுவி, மீண்டும் ஏற்றினோம். மலர்விழி தன் இடத்துக்குத் திரும்பினார்.

பெற்றோர் அறிய வேண்டியவை

பெட்டி அழியலாம், தரவு அழியலாகாது. கொள்கலனை நீக்கினால் அதற்குள் எழுதிய யாவும் போய்விடும். ஆகவே பதிவுகளைப் பெட்டிக்கு வெளியே 'வால்யூம்' என்ற களஞ்சியத்தில் வைத்து, அதற்கும் வேறோர் இடத்தில் படி எடுத்துவைக்க வேண்டும்.

மாணவர் பெயர், பிறந்த நாள், கடவுச்சொல் ஆகியவற்றை ஒருபோதும் படிமத்துக்குள் வைத்துக் கட்டக் கூடாது. ஓர் அடுக்கில் வைத்ததை மேலடுக்கில் அழித்தாலும், கீழடுக்கில் அது அப்படியே உறங்கும். படிமத்தைப் பெற்றவர் யாரும் எடுத்துப் பார்க்க முடியும். பிள்ளைகளின் விவரங்களைக் கையாளும் எவரிடமும் இதைக் கேட்டுத் தெளியுங்கள்.

'அண்மையது' என்ற அடையாளத்தை நம்பிப் படிமத்தை எடுப்பதும் நன்றன்று. இன்று அப்பெயரில் இருப்பது நாளை வேறாகலாம். பதிப்பெண்ணைக் குறித்தே எழுத வேண்டும். அவ்வாறு எழுதிய எண்ணையும், பாதுகாப்புத் திருத்தங்களுக்காக அவ்வப்போது உயர்த்தி மீண்டும் கட்ட வேண்டும்.

ஏடு எதற்கு?

1957இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் லயங்கள் காலியானபோது, பல பள்ளிகள் மூடப்பட்டன. சில இடம் பெயர்ந்தன. கட்டடம் போன இடங்களில் எஞ்சியவை பதிவேடும் ஆண்டு மலரும் குழுப்படமுமே. ஒரு பாட்டி தாம் படித்த பள்ளியைத் தேடும்போது, காட்டுவதற்கு அவைதாம் உள்ளன.

அவற்றை மின்னேடாக்குவோர் பெரும்பாலும் ஒரு பள்ளிக்கு ஓர் ஆசிரியர். அவர் கணினியில் எல்லாம் இயங்கும். அவருக்கு மட்டும் வழி தெரியும். அவர் இடமாற்றம் பெற்றால் அல்லது கணினி பழுதடைந்தால், ஏடகமும் அவரோடு போய்விடும். என் மடிக்கணினி அன்றே பழுதாகியிருந்தால், எங்கள் ஏடகமும் கட்டங்களோடு முடிந்திருக்கும்.

செய்முறை ஏடு அந்த அறிவை ஒருவர் நினைவிலிருந்து எடுத்து எழுத்தில் வைக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இந்த ஏடு உதவும். இதைப் பெற்றவர் எவரும், எந்த ஊரிலும், அதே பெட்டியைக் கட்டித் தமிழை அதே வடிவில் காணலாம். எங்கள் ஏட்டில் தமிழுக்கென்று நாங்கள் சேர்த்தவை பத்து வரிகூட இரா. அந்த வரிகளை நமக்காக வேறு யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. உலகப் பெட்டியின் அளவு நமக்கும் பொது; அதற்குள் தமிழை ஏற்றும் பொறுப்பு மட்டும் நம்முடையது.

உங்கள் பள்ளியில் பழைய பதிவேடு இருந்தால், முதலில் கரையானிடமிருந்து காப்பாற்றுங்கள். பின்னர் கணினியில் ஏற்றும்போது, எதை நிறுவினீர்கள் என்பதை ஒரு தாளிலாவது எழுதி அதனோடு சேர்த்து வையுங்கள். நல்ல தொடக்கத்துக்கு அது போதும்.

மீண்டும் அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.

அன்புடன்,
சிலிம் ரிவரிலிருந்து உங்கள் ஆசிரியர்